சனி ஸ்நானம்

வீரசிங்கம் உபதேசியார் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மூன்று வருஷமாகப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். அந்த மூன்று வருஷத்தில் ஒருவர்கூட மனந்திரும்பவில்லை. ஒரே ஒருமுறை, கள்ளுக்கடை என்று நினைத்து உள்ளே வந்துவிட்ட ஒருவர், வேத வசனம் காதில் விழுந்ததும் வந்த வழியே திரும்பினார். அதை மனந்திரும்புதல் என்று மேலிடத்துக்கு எழுத வீரசிங்கத்துக்கு மனம் வரவில்லை.

குறை அவர் குரலில் இல்லை. குரல் கணீரென்றிருக்கும். ரயில்வே கோட்டர்ஸ் முழுக்கக் கேட்கும்; பலருக்கு அதுவே மனத்தாங்கல். குறை சரக்கில்தான் இருந்தது. ஓய்வுநாள் சபை என்ற அந்தச் சின்ன அமெரிக்க சபையில் கள் கூடாது. சுருட்டு கூடாது. பன்றி கூடாது. செதிள் இல்லாத எதுவும் கூடாது என்பதால் நண்டும் இறாலும் கூடாது; கிள்ளான் கடற்கரையிலிருந்து கூடை கூடையாக நண்டு வந்து இறங்கும் ஊரில் இதைச் சொல்ல எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். காப்பியும் தேத்தண்ணியும்கூடக் கூடாது. எல்லாவற்றையும் தள்ளிய பிறகு மிச்சமிருந்தது பச்சைத்தண்ணீர். அதிலும் ஆளைப் பிடித்து முக்குவார்கள்.

போதாக்குறைக்கு, மற்ற கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை கும்பிட, இவர்கள் சனிக்கிழமை கும்பிட்டார்கள். கர்த்தர் ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார். ரயில்வே இலாகா ஞாயிற்றுக்கிழமை ஓய்ந்திருந்தது. பிரிக்பீல்ட்ஸில் முக்கால்வாசிப் பேர் ரயில்வேயில் வேலை செய்தார்கள். யார் பேச்சைக் கேட்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

வீரசிங்கத்தின் மனைவி நேசம்மாவே கணவனின் சபையில் சேரவில்லை. யாழ்ப்பாணத்தில் அவளுடைய தகப்பனார் கிறிஸ்தவக் கோயிலில் மணியடிக்கும் கோயில்பிள்ளையாக இருந்தவர்; அவள் வழக்கப்படி ஞாயிற்றுக்கிழமைக் கோயிலுக்கே போய்வந்தாள். ஆக அந்த வீட்டில் வாரத்துக்கு இரண்டு ஓய்வுநாள். இரண்டிலும் ஓயாமல் அடுப்படியில் நின்றவள் நேசம்மா ஒருத்திதான்.

1928ஆம் வருஷம் ஆவணி மாதம் சிங்கப்பூரிலிருந்து பெரிய பாதிரியாரின் கடிதம் வந்தது. டிசம்பர் முடிவதற்குள் ஓர் ஆத்துமாவாவது சேராவிட்டால் பிரிக்பீல்ட்ஸ் ஊழியத்தை மூடிவிடுவது என்று சபை தீர்மானித்திருக்கிறதாம். வீரசிங்கம் ரயில்வே ஆபீஸில் கிளார்க் வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்தவர். விட்டபோது சிரித்த ஆபீஸ்காரர்கள் இன்னும் அதே தெருவில்தான் இருந்தார்கள். ஊழியத்தை மூடினால் அவர்கள் இன்னொரு முறை சிரிப்பார்கள், அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். மூன்று வருஷமாகத் தான் சொன்ன ஒரு வார்த்தைகூட ஒரு மனுஷர் காதில் நிற்கவில்லை என்று ஆகிவிடுமே, அதை நினைத்தால்தான் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

புரட்டாசி பிறந்து முதல் சனிக்கிழமை. வழக்கம்போல நான்கு பெஞ்சுகளுக்கும் வீரசிங்கம் வேதம் வாசித்துக்கொண்டிருந்தார். வாசலில் ஒருவர் வந்து நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும், இடது காலைச் சாய்த்து நடக்கிற ஆள், நெற்றியில் திருநீறு.

"கும்பிடுறேனுங்க ஐயா. நீங்கதானே சனிக்கிழமைக்காரவங்க?"

"ஓம், ஓம். வாரும், உள்ள வாரும். இரும்."

வந்தவர் நின்றுகொண்டே இருந்தார். வீரசிங்கம் இன்னும் இரண்டு தடவை "இரும்" என்றார். அவர் இன்னும் பணிவாக நின்றார். யாழ்ப்பாணத்தில் 'இரும்' என்றால் உட்காரச் சொல்கிறார்கள் என்பதும், தமிழ்நாட்டில் 'இரு' என்றால் பொறுத்திரு என்பதும் இரண்டு பேருக்கும் விளங்கக் கால்மணி நேரம் பிடித்தது. அப்புறம்தான் பெஞ்சில் உட்கார்ந்தார்.

பெயர் சின்னையா. கோலாலம்பூர் யார்டில் பாயிண்ட்ஸ்மேன்; தண்டவாளம் பிரியும் இடத்தில் நெம்புகோலை இழுத்து ரயிலை வழிமாற்றிவிடும் வேலை. சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"சனிக்கிழமை நீங்க வேலையே செய்ய மாட்டீங்களாமே, நெசமுங்களா?"

"செய்யமாட்டம்."

"கள்ளு?"

"தொடமாட்டம்."

"சுருட்டு, கவுச்சி?"

கவுச்சியில் சபைக்கு அவ்வளவு கடுமை இல்லை. ஆனால் கேட்டவர் கண்ணில் தெரிந்த ஆசையைப் பார்த்து, சனிக்கிழமையில் அதையும் தவிர்ப்பது உத்தமம் என்று வீரசிங்கம் சொல்லிவிட்டார். சின்னையா பெருமூச்சு விட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கோலாலம்பூர்ல உங்க அளவுக்குச் சனிக்கிழமைய யாரும் கெடுபிடியா வச்சுக்கறதில்லைங்க. நான் விசாரிச்சுட்டுத்தான் வந்தேன்."

படிக்கிறவர்களுக்கு இந்நேரம் விஷயம் விளங்கியிருக்கும். சின்னையாவுக்குத் துலாம் ராசி; ஏழரை நாட்டுச் சனி கடைசிக் கூறில் நின்று ஆட்டிக்கொண்டிருந்தது. விரதம் இருந்து சனிக்கிழமையைப் பிடித்துக்கொள், மார்கழியில் சனி தனுசுக்கு மாறும்வரை விடாதே என்று கோயில் பக்கத்து ஜோசியர் சொல்லியிருந்தார். சனிக்கிழமையைப் பிடித்துக்கொள்வதற்கென்றே ஒரு சபை, அதுவும் வெள்ளைக்காரன் வைத்த சபை, தெருக்கோடியில் இருக்கும்போது வேறெங்கே போவது? ஏழாம் நாள், ஏழரைச் சனி என்று கணக்கும் பொருந்தித்தான் வந்தது.

வீரசிங்கத்துக்கு விளங்கவில்லை. அவர் மூன்று தலைமுறைக் கிறிஸ்தவர். எபிரெய மாதங்களின் பெயர் பன்னிரண்டும் ஒப்பிப்பார். சனி எந்த ராசியில் நிற்கிறது என்று கேட்டால் விழிப்பார். அவர் கண்டதெல்லாம் ஒன்றுதான்: ஒரு மனுஷர் முன்பெஞ்சில் உட்கார்ந்து, வாயைப் பிளந்தபடி, தான் சொல்வதைக் கேட்கிறார்.

அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! மூன்று வருஷம் பெஞ்சுக்குப் பேசியவருக்குத்தான் அதன் அருமை தெரியும். வீரசிங்கம் திங்கட்கிழமையே சனிக்கிழமைப் பாடத்தை எழுத உட்கார்ந்தார். நடக்கும்போது பாட்டு முணுமுணுத்தார். பாசாருக்குக் கத்தரிக்காய் வாங்கப் போனவர், யார்டு வேலியோரம் போய் நின்று, சின்னையா நெம்பை இழுப்பதைப் பார்த்துவிட்டுக் கத்தரிக்காய் இல்லாமல் வீட்டுக்கு வந்தார்.

சின்னையாவோ சீடர்களில் ரத்தினம். சனிக்கிழமை வேலையை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமையும் ரயில் ஓடும் யார்டில் அன்றைக்கு அவருக்குப் பதிலாகப் போய் உழைத்தார். கள்ளை விட்டார். சுருட்டை விட்டார். சனிக்கிழமை விடிந்ததும் எண்ணெய் தேய்த்து முழுகி, நீலச் சட்டை போட்டுக்கொண்டு, மணியடிக்கும் முன்பே வந்துவிடுவார். வந்தவுடன் சபை வாசலில் காக்கைக்குச் சோறு வைப்பார். வனாந்தரத்தில் பசித்துக் கிடந்த தீர்க்கதரிசிக்குக் காகங்கள் அப்பம் கொண்டுவந்த கதையை வீரசிங்கம் அன்றைக்கே எடுத்துச் சொன்னார். சின்னையா கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இங்கயும் காக்காதானுங்களா!" என்றார்.

கட்டிடத்தை ஒன்பது தடவை சுற்றினார். வேதத்தில் எதிரியின் மதில் இடிந்து விழுவதற்கு ஏழு சுற்றே போதுமானதாக இருந்தது என்று வீரசிங்கம் மெதுவாகத் திருத்தினார். "இருக்கட்டுங்க, ரெண்டு கூடவே சுத்திடறேன்" என்று சின்னையா விட்டுக்கொடுக்கவில்லை. எள்ளுச் சாதம் கொண்டுவந்து பகிர்ந்தார். ஆதிச் சபையார் கூடி உண்டதுபோல என்று வீரசிங்கம் இரண்டு வாய் கூடுதலாகவே சாப்பிட்டார். இத்தனையையும் ஒன்று விடாமல் சிங்கப்பூருக்கு எழுதினார். எப்போது ஞானஸ்நானம் என்று சின்னையாதான் முதலில் கேட்டார். 'சனி ஸ்நானம்' என்று அவர் வாயில் வந்தது. பாமர நாக்கு, எழுத்து புரளுகிறது என்று உபதேசியார் உருகிப்போனார்.

பெரிய பாதிரியார் சந்தோஷப்பட்டுப் பதில் எழுதினார். டிசம்பர் கடைசிச் சனிக்கிழமை தாமே வந்து ஆற்றில் முழுக்குக் கொடுப்பதாகவும், அந்த ஓர் ஆத்துமாவின் நிமித்தம் ஊழியத்தை மூடாமல் வைப்பதாகவும் இருந்தது. வீரசிங்கம் கடிதத்தை முத்தமிட்டார். நேசம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

டிசம்பர் கடைசி வாரம் வியாழக்கிழமை, முழுக்குக்கு வரும்போது மாற்றுத் துணி கொண்டுவரச் சொல்வதற்காக வீரசிங்கம் சின்னையாவின் கோட்டர்ஸுக்குப் போனார். சின்னையாவின் மனைவி வள்ளியம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"ஐயா, ஒரு சந்தேகம்" என்றார் சின்னையா. "முழுகி எந்திரிச்சதும் கட்டுன வேட்டிய ஆத்தோடயே விட்டுறலாமுங்களா?"

வேதத்தில் சொன்ன பழைய மனுஷனைக் களைந்துபோடுவதைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று வீரசிங்கம் பூரித்தார். "விடலாம். அது உள்ளத்தில நடக்கவேண்டிய காரியம், ஆனாலும் விடலாம்."

"திருநள்ளாத்துல அப்படித்தானாம்ங்க. குளத்துல முழுகி, துணிய அங்கயே விட்டுட்டு, திரும்பிப் பாக்காம வந்துடணுமாம். நம்மால அவ்வளவு தூரம் போக முடியுமா? சாமி புண்ணியத்துல நீங்க இங்கயே வச்சிருக்கீங்க."

"திருநள்ளாறோ? அங்க ஆர் இருக்கினம்?"

"சனீஸ்வரந்தாங்க" என்றாள் வள்ளியம்மா, இதுகூடவா தெரியாது என்ற முகத்தோடு. "சனிக்கிழமை இவரு முழுக்குப் போட்டு எந்திரிச்சாருன்னா ஏழரை அன்னியோட தீந்துச்சுன்னு ஜோசியரு சொல்லிட்டாரு. உங்களப் பத்தியும் சொன்னோம். நல்ல பரிகாரம்னாரு."

வீரசிங்கம் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டார். காக்கை எதற்கு என்று கேட்டார். சனியின் வாகனம். எள்? சனிக்கு உகந்தது. நீலச் சட்டை? அதுவும் அப்படியே. ஒன்பது சுற்று நவக்கிரகத்துக்கு. மேற்கொண்டு கேட்க அவருக்குத் தெம்பில்லை. மாற்றுத் துணி என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

வீட்டில் நேசம்மாவிடம் சொன்னார். அவள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.

"இஞ்சருங்கோ, எள்ளுச் சோத்தைக் கண்டவுடனயே எனக்கு விளங்கீட்டுது."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"மூண்டு வருஷத்துக்குப் பிறகு உங்கட முகத்தில சிரிப்பைக் கண்டன். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரேல்லை." அவள் சிரிப்பு அடங்கிவிட்டது. "இப்ப என்ன குறைஞ்சுபோச்சு? பேசாமல் முழுகட்டும். ஆர் எதுக்கு முழுகிறாங்கள் எண்டு தண்ணிக்குத் தெரியுமோ?"

"எனக்குத் தெரியுமே" என்றார் வீரசிங்கம்.

அந்த யோசனை அவருக்கும் இனித்தது. இல்லை என்று சொன்னால் பொய். பாதிரியாருக்குத் தமிழ் தெரியாது. கேள்வியும் பதிலும் தன் வாய் வழியாகத்தான் போகவேண்டும். ஒரு முக்கு, ஒரு ஆமென், ஊழியம் பிழைத்துவிடும். வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் இதையே புரட்டிப் புரட்டிப் பார்த்தார். சாப்பாடு எடுத்து வைத்தபோது எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு யார்டுக்குப் போனார்.

சின்னையா நெம்பு மேடையில் தனியாக இருந்தார். வீரசிங்கம் நின்றபடியே ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். இந்தச் சபைக்கும் சனி பகவானுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சனிக்கிழமை என்று தமிழில் பெயர் அமைந்துவிட்டது, அவ்வளவுதான். முழுகினால் ஏழரை போகும் என்று தான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.



"ஏழு வருஷமுங்க ஐயா" என்றார் சின்னையா. "டெங்கில் பக்கம் தோட்டத்துல இருந்தப்போ காய்ச்சல்ல மக போயிட்டா. ஒன்பது வயசு. அப்புறம் இங்க வந்து, இந்தக் கால்ல ரெண்டு வெரலு போச்சு. வள்ளியம்மா ஒரு வருஷம் யாரோடயும் பேசல. நான் பொழுதன்னிக்கும் கள்ளுக்கடையில கெடந்தேன். இந்த மூணு மாசமாத்தான் வீட்டுல வெளக்கு எரியுது. சனி இல்லன்னா, அப்ப யாருங்க என்னைப் பாத்துக்கிட்டது?"

பதில் வீரசிங்கத்தின் நாக்கு நுனியில் இருந்தது. இதே பதிலைத்தான் மூன்று வருஷமாகப் பெஞ்சுகளுக்குச் சொல்லிவந்தார். ஆனால் தன் பிழைப்பும் அந்தப் பதிலில்தான் தொங்குகிறது என்று தெரிந்த பிறகு அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

"நான் நம்புறது ஒண்டு இருக்கு" என்றார். "ஆனால் நாளைக்குப் பாதிரியார் வாறார், இண்டைக்கு அதைச் சொன்னால், ஆள் பிடிக்கிறதுக்குச் சொன்ன மாதிரி இருக்கும். நீர் வரவேணும் எண்டு கட்டாயம் இல்லை, சின்னையா. எள்ளுச் சோத்துக்கு நன்றி."

சின்னையா தலையை ஆட்டினார். மணியடித்தது, ரயில் வருகிறது. அவர் நெம்பைப் பிடித்தார். வீரசிங்கம் குடையை விரிக்க மறந்து வெயிலில் நடந்து வந்தார். வழியெல்லாம் அழுகை வந்தது. சபைக்காக அழவில்லை. இனி சனிக்கிழமை முன்பெஞ்சு காலியாக இருக்கும் என்பதற்காகவே அழுதார்.

சனிக்கிழமை காலை, பிரிக்பீல்ட்ஸுக்குப் பின்னால் ஆற்றங்கரை. ஈயச் சுரங்கத்து மண்ணெல்லாம் கலந்து, சபை விலக்கிவைத்த பால் தேத்தண்ணியின் நிறத்தில் கிள்ளான் ஆறு போய்க்கொண்டிருந்தது. பெரிய பாதிரியார் ஆறடி உயரம், சிவந்த முகம்; வெள்ளை அங்கியைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு தண்ணீரைச் சந்தேகமாகப் பார்த்தார். அரைமணி நேரமாக யாரும் வரவில்லை. கடிகாரத்தை நான்காவது தடவை எடுத்தபோது வீரசிங்கம் இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். காக்கை, எள், நீலச் சட்டை, ஒன்பது சுற்று, நேற்று யார்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்தது, ஒன்றையும் மறைக்கவில்லை.

பாதிரியாரின் முகம் இன்னும் சிவந்தது. "மூன்று மாதமாக நீ எனக்கு எழுதியதெல்லாம் ஒரு கிரகத்தைப் பற்றியா?"

"ஆம், ஐயா. நான் அறியாமல் எழுதினேன்."

"அப்படியென்றால் நாம் இந்தச் சேற்றில் எதற்கு நிற்கிறோம்?"

அப்போது தண்டவாளத்தைத் தாண்டிச் சின்னையா வருவது தெரிந்தது. இடது காலைச் சாய்த்துச் சாய்த்து, முடிந்தவரை வேகமாக வந்துகொண்டிருந்தார். கூட இன்னொருவரும் வந்தார்.

"மன்னிக்கணுங்க ஐயா, நேரமாச்சு. இவன் சபாபதி, எங்கூட வேலை பாக்குறான். மகர ராசி, இன்னியிலேருந்துதான் இவனுக்கு ஏழரை ஆரம்பம். வேணாம்டான்னு சொன்னேன், கேக்கல."

சபாபதி பக்தியோடு கும்பிட்டார். கையில் எள்ளுப் பொட்டலம் இருந்தது.

பாதிரியார் சபாபதியைப் பார்க்கவில்லை. "அந்த நொண்டுகிற மனிதரைக் கேள்," என்றார். "கிரகத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று தெரிந்த பிறகும் ஏன் வந்திருக்கிறார்? அவர் சொல்வதை அப்படியே சொல். அழகுபடுத்தாதே."

வீரசிங்கம் கேட்டார். சின்னையா தலையைச் சொறிந்தார்.

"நேத்து நீங்க வந்து சொன்னதும், சரி, இனி நமக்கு இங்க வேலையில்லன்னுதாங்க இருந்தேன். காலையில ஜோசியரு ஏழரை விட்டுடுச்சுன்னும் சொல்லிட்டாரு. நல்லாச் சாப்பிட்டுட்டு வீட்டுல உக்காந்தேன். உக்கார முடியல."

"எதுவும் வேண்டுதலோ? பிணி, பயம், ஏதும்?"

"ஒண்ணும் இல்லீங்க."

"அப்ப ஏன் வந்தனீர்?"

"சும்மா வந்தேங்க" என்றார் சின்னையா.

"என்ன சொல்கிறார்?" என்றார் பாதிரியார்.

வீரசிங்கம் வாயைத் திறந்தார். இருபது வருஷம் இங்கிலீஷ் படித்தவர், கிளார்க்குப் பரீட்சையில் முதலாவதாக வந்தவர், அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் திணறி நின்றார். காரணமில்லாமல் என்று சொல்லிப் பார்த்தார்; அது புத்தி சரியில்லாதவர் வந்ததுபோல ஒலித்தது. வேலையில்லாமல் என்றார், அது சோம்பேறி. இலவசமாக என்றார், பாதிரியார் புருவத்தைத் தூக்கினார். ஒவ்வொன்றையும் இல்லை இல்லை என்று கையால் துடைத்தார். வியர்த்து வழிந்தது.

"ஐயா," என்றார் கடைசியில், "அவருக்கு இங்கே வாங்கிப்போக ஒன்றும் இல்லை. கொடுக்கவும் ஒன்றும் இல்லை. பயந்து வரவில்லை. வராவிட்டால் நஷ்டமும் இல்லை. அப்படி இருந்தும் வந்திருக்கிறார். எங்கள் பாஷையில் அதற்கு ஒரே சொல்தான். உங்கள் பாஷையில் எனக்குத் தெரியவில்லை."

பாதிரியார் சின்னையாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் சிவப்பு இறங்கியிருந்தது.

"முப்பது வருஷமாகத் தண்ணீரில் இறங்குகிறேன்" என்றார். "சோற்றுக்கு வந்தவர்கள் உண்டு. பள்ளிக்கூடத்துக்கு வந்தவர்கள் உண்டு. பெண் கிடைக்கும் என்று வந்தவர்களும், மாமனாரைக் கோபப்படுத்த வந்தவர்களும் உண்டு. நான் நரகத்துக்குப் பயந்து வந்தவன். அந்தச் சொல்லை இன்னொரு முறை சொல்."

"சும்மா" என்றார் வீரசிங்கம்.

"ஜும்மா" என்று சொல்லிப் பார்த்தார் பாதிரியார். வரவில்லை. மறுபடியும் சொல்லிக்கொண்டே கரையில் குந்தி, காலில் போட்டிருந்த சப்பாத்தின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.